மூன்றாவது வரி

பிலோமினா, மாதா கோவில் வாசல் கரும்பலகையின் கடைசி வரியை முந்தானையால் அவசரமாக அழித்தாள். ஊர் அதை வாசித்துவிட்டால் அவளைக் கதவு திறக்க விடாது.

"பலகை என்ன ஒன் வீட்டுச் சட்டியா, தங்கச்சி?" என்றார் தினமும் அதில் எழுதும் அமிர்தராஜ் வாத்தியார். "மழை அளவும் பெரியாறு அணைக் கதையும்தான எழுதுனேன். அங்கன மூணாவதா என்ன இருந்துச்சு?"

"அழுக்குண்ணே."

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கணவன் பீட்டர்ராஜ் விடியலிலேயே அக்கரை வயலுக்குப் போயிருந்தான். முப்பத்தாறாம் வருஷத்து ஆடி மழை விடவே இல்லை. மதியம் அவன் வந்து கதவைத் தட்டினான், திறந்தாள். சட்டை நனையவில்லை.

"பசிக்குது புள்ள."

சோறு போட்டாள். குழம்பு கேட்டான், ஊற்றினாள்.

அழித்த வரி அவளுக்கு மனப்பாடம்: "இன்றைய வரலாறு: காலையில் ஆற்றில் மூழ்கி இறந்த பீட்டர்ராஜ், மதியம் சாப்பிட வந்தார்."