ஒரு சுவர் மட்டும்

"பிரைமர் டின்னை எந்தக் கடையில வித்தே? அதை மட்டும் சொல்லு, போதும்."

வீட்டுக்காரர் கையில் பாலாடை போல உரிந்து வந்த பெயிண்ட் தொங்கியது. அதைப் பெயிண்டரின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"விக்கல சார்."

"அப்ப டின் எங்கே?"

பெயிண்டர் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்கம்பக்கத்தில் வீட்டுக்காரருக்குச் சிடுசிடு என்றே பெயர். பால்காரர், பிளம்பர், மீட்டர் பார்க்க வருகிறவர், யாரும் அவரிடம் தப்பியதில்லை. ஆனால் இன்றைய கோபத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிரைமரை வாங்க அவரே கடைக்குப் போய், தண்ணீர் பிரைமரா எண்ணெய் பிரைமரா என்று கடைக்காரரின் உயிரை எடுத்திருந்தார்.

ஹாலில் மூன்று சுவருக்குத் தண்ணீர் பிரைமர் போதும். நாலாவது சுவரில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பிரைமர் அடிக்காவிட்டால் மேலே போகும் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டுக்காரர் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பெயிண்டரிடம் ஒப்பித்துவிட்டு ஆபீஸ் போனார்.

சில மாதம் கழித்து, இப்போது மூன்று சுவரும் கல்லுப் போல நின்றன. நாலாவது சுவர்தான் மானத்தை வாங்கியது.

பெயிண்ட் உரிந்தது கூடப் பெரிதில்லை. உரிந்த இடத்தில் ஒரு பச்சை பஸ் எட்டிப் பார்த்தது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமலில், பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் மகள் வரைந்த பஸ். ஜன்னல் ஓரத்தில் அம்மா, பக்கத்தில் மகள், டிரைவர் சீட்டில் பெரிய மீசையோடு அப்பா.

அந்த மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதும் வீட்டுக்காரர் கொதித்துப் போனார். "இந்த வீட்ல அவ நிழல்கூட இருக்கக் கூடாது" என்று போட்டோக்களைப் பரணில் ஏற்றினார். பஸ்ஸைப் பரணில் ஏற்ற முடியாது என்பதால் பெயிண்டரைக் கூப்பிட்டார். மனைவி அன்று வாயே திறக்கவில்லை. திறந்து அந்த வீட்டில் எதுவும் நடந்ததும் இல்லை.

இப்போதும் அவள் ஈரத் துணியோடு ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒட்டடை அடிக்க நாலு முறை சொன்னாலும் மறந்துபோகிறவள், அந்தச் சுவரை மட்டும் தினமும் ஈரத் துணியால் துடைத்தாள். பரவாயில்லை, இவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று வீட்டுக்காரருக்கு அதில் ஒரு திருப்தி.

"இன்னிக்கு என் மீசை தெரியுது. நாளைக்கு முழு பஸ்ஸும் கிளம்பி வரும்! வர்றவன் போறவன் எல்லாம் இது யாரு வரைஞ்சதுன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்ல?" என்று கத்தினார்.

"சார்... அந்தச் சுவத்துக்குப் பிரைமர் அடிக்கல. தேய்க்கவும் இல்ல."

"அப்படி வா வழிக்கு!"

"தப்பு என்னோடதுதான் சார். சம்பளம் வேண்டாம், திரும்ப அடிச்சுத் தர்றேன்."

"திருடிட்டுத் தர்மம் வேற பண்றியா? எதிர்ல கட்டுற அடுக்குமாடிக்கு உன்னைச் சிபாரிசு பண்ணது நான். இப்பவே போனைப் போட்டு, இவனை உள்ள விடாதீங்கன்னு சொல்றேன் பாரு."

பெயிண்டரின் முகம் செத்துவிட்டது. "அந்த வேலையை நம்பி ஆளுங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார். அதை மட்டும் கெடுத்துடாதீங்க."

"முதல்ல உப்புத்தாளை எடு. என் கண்ணு முன்னாடி தேய். சக்கரம், ஜன்னல், மீசை எதுவும் மிஞ்சக் கூடாது. எல்லாம் மாவாக் கொட்டணும்!"

பெயிண்டர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து மடித்தார். சுவரருகே போய், ஜன்னல் ஓர முகத்தின் மேல் அதை வைத்தார். கை நகரவில்லை.

"என்னய்யா வேடிக்கை பாக்குறே? தேய்!" என்றபடி வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தார். "ஹலோ, இன்ஜினியர் சாரா? நான் அனுப்புன பெயிண்டர் விஷயமா..."

அடுத்த நொடி போன் அவர் கையில் இல்லை. மனைவி அதைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. அவள் முகம் சிவந்திருந்தது. உதடு துடித்தது பயத்தில் இல்லை, கோபத்தில்.

"அந்த மனுஷனை இன்னொரு வார்த்தை பேசுனீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"திருட்டுப் பயலுக்கு நீ என்னடி வக்காலத்து?"

"அவர் எதையும் திருடல. டின்னு பரண்ல, போட்டோப் பெட்டிக்குப் பின்னால இருக்கு. மூடிகூடத் திறக்கல. போய்ப் பாருங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

அவள் பெயிண்டரின் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கிக் கசக்கி எறிந்தாள்.

"என்னைக்காவது உரியட்டும்னு, பிரைமர் அடிக்க வேண்டாம்னு அவர்கிட்ட கெஞ்சினதே நான்தான்!"