கடைசி வரி லத்தீனில்

“கடைசி வரியையும் தமிழில எழுதியிருந்தா சனத்துக்கு விளங்குமெல்லோ அக்கா? லத்தீன் இஞ்ச ஆருக்குத் தெரியும்?” ஓர்கன் வாசிக்கும் கிருஷாந் கேட்டான்.

“ஒருத்தருக்கும் விளங்கத் தேவையில்லை. லத்தீன்தான்,” என்றாள் சாருஜா.

கண்டியில் அந்தத் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். திருநாள் பூசைக்கென்று அவளே புதிதாக இசையமைத்த பாட்டு இது. தனிக்குரல் அவளுடைய அண்ணன் திருச்செல்வத்துக்கு. அவரை விட்டால் தனியே பாடக்கூடிய குரல் குழுவில் வேறு இல்லை. ஆனால் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தங்கை விரும்பிக் கட்டியவனைப் பிடிக்காமல், அவர் கலியாணத்துக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்டார். பிடிவாதத்தில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் கிடந்து இழுபட்டது பாவம் கிருஷாந்தான்.

“கிருஷாந், பாடுறவரிட்டச் சொல்லும், கடைசி வரியில குரல் இறங்கக் கூடாது.”

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற திருச்செல்வம், “எழுதினவவிட்டச் சொல்லும், இன்னொருக்காப் பாடுறன் எண்டு,” என்றார்.

பாடினார். பிறகும் பாடினார். பிலிமத்தலாவைக்கு பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். அவர் நிறுத்துவதாக இல்லை.

எல்லோரும் போன பின்னும் கிருஷாந் விடவில்லை. “உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. அந்தக் கடைசி வரி என்ன?”

சாருஜா சிரித்தாள். “மற்ற வரியெல்லாம் ஆண்டவரிட்ட மன்னிப்புக் கேக்கிறது. கடைசி வரி, ‘தங்கச்சி, நான் செய்தது பிழை, என்னை மன்னிச்சுக்கொள்.’ நான் தமிழில எழுதிக் குடுக்க, அம்பிட்டியில இருக்கிற வயசான ஃபாதர்தான் லத்தீனாக்கித் தந்தவர். ஆறு வருசம் வாய் திறக்காத மனுசன். முழுக் கோயிலுக்கும் முன்னால சொல்ல வைக்காமல் விடமாட்டன்.”

“தனக்கே தெரியாமல் கேக்கிறது என்ன மன்னிப்பக்கா?”

“எனக்கு அது காணும். அதுவே போதும்.”

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. திருச்செல்வம் கடைசி வரிக்கு வந்தார். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. சாருஜா பாட்டை முடிக்கக் கையைத் தூக்கினாள். அவர் முடிக்கவில்லை. அவள் எழுதாத இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்துப் பாடிவிட்டுத்தான் நிறுத்தினார்.

அவளுக்கு வந்ததே கோபம். பூசை முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

“கிருஷாந், இவரிட்டக் கேளும், என்ர பாட்டில இல்லாத சொல்லை ஏன் பாடினவர் எண்டு. இண்டைக்கும் தன்ர எண்ணத்துக்குத்தானோ?”

கிருஷாந் வாய் திறக்கும் முன்பே திருச்செல்வம் தங்கையை நேரே பார்த்துச் சொன்னார்:

“அர்த்தத்தைப் பாடிப் பழகத் தொடங்கின முதல் கிழமையே ஃபாதரிட்டப் போய்க் கேட்டிட்டன். உன்னட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டாக் காணுமே? அந்த ரெண்டு சொல்லும் மச்சானுக்கு.”