திரும்பும் கப்பல்

விடிந்து வெகுநேரமாகியும் துறைமுகத்தின் மேல் பனிமூட்டம் பால்போல் கிடக்கிறது. கிரேன் ஓட்டுகிறவள் அதன் உச்சியிலுள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே ராணுவ லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன. நட்பு நாடு அனுப்பிய பீரங்கிக் குண்டுகளோடு கப்பல் இரண்டு நாளாக வெளியே நங்கூரமிட்டிருக்கிறது. அந்த நாட்டில் புதிதாகப் பதவிக்கு வந்தவர், குண்டுகளைத் தருவதா இல்லையா என்ற முடிவை இன்று காலை சொல்வார் என்கிறது வானொலி. பீரங்கிப் படையிலிருக்கும் அவள் கணவன் நேற்றுதான் போனில், "கையில இருக்கிற குண்டு நாலு நாளைக்குத்தான் வரும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். பனி மெல்ல விலகுகிறது. பொன்னாக மின்னும் நீரில் கப்பல் நகரத் தொடங்குகிறது. அவள் கை தானாக நெம்புகோலைப் பற்றுகிறது. "அக்கா, கப்பல் கிளம்பிடுச்சா?" என்று கீழிருந்து ஓர் ஓட்டுநர் கத்துகிறார். "கிளம்பிடுச்சு!" லாரிகளுக்கிடையில் விசில் பறக்கிறது. கப்பல் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சத்தமில்லாமல் திரும்புகிறது. முகப்பு தெரிந்த இடத்தில் இப்போது அதன் பின்புறமும், அங்கே படபடக்கும் அந்நியக் கொடியும் தெரிகின்றன. வெயிலில் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. "எவ்வளவு கிட்ட வந்துடுச்சுக்கா?" அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்ஜினை அணைச்சிடுங்கப்பா," என்கிறாள். "டீசலாவது மிஞ்சட்டும்."