கழுவி வைத்த குடம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைக் கழுவிவிட்டபோது, நாத்தனார் செண்பகம் கொல்லையில் இருந்த குடத்தையும் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டாள்.

"தவிடும் வெல்லமும் புளிச்சு ஒரே நாத்தம் அண்ணி. அதான் ஊத்திட்டேன்."

தவமணி ஓடிப்போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் இறால் குளத்தைக் காக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் குடத்தில்தான் இருந்தன. இறந்துபோன கணவன் சிங்காரம் ஒன்பது வருடமாகத் தவிடும் வெல்லமும் தீனியாகப் போட்டு வளர்த்தவை. இப்போதெல்லாம் குளங்கள் தமக்குப் பழகிய நுண்ணுயிரைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. கடையில் வாங்கி ஊற்றினால் தண்ணீர் கெட்டுவிடும்.

அதிலிருந்து மூன்றாம் நாள், தண்ணீரின் நிலையைக் காட்டும் கரைவிளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது. அது சிவந்தால் இறாலெல்லாம் செத்து மிதக்கும்.

அன்று மாலை பக்கத்துக் குளத்து மரியசூசை ஒரு குடத்தோடு வந்து நின்றார். வாய்க்கால் தகராறில் அவரும் சிங்காரமும் பேசிக்கொண்டதே இல்லை.

"இது உங்க வீட்டு உயிருதான் தங்கச்சி. வெள்ளத்துல என் குளம் செத்தப்ப உன் வீட்டுக்காரன்தான் கொண்டாந்து கொடுத்தான். அதை வச்சுத்தான் மறுபடி பழக்கினேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே!"

"எங்கிட்டயே பேசலம்மா. முறைச்சுக்கிட்டே வச்சிட்டுப் போனான், பாவி."

தவமணி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பாதியைக் குளத்தில் ஊற்றி, மீதியை வீட்டில் வைத்தார்கள். இரண்டு நாள் கரையைவிட்டு நகராமல் கிடந்த செண்பகம்தான் முதலில் கூவினாள்:

"அண்ணி, பச்சை எரியுது! வெல்லம் எங்க இருக்கு? இன்னைக்கு நான் கரைக்கிறேன்."