பட்டியலில் இல்லாத பெயர்

புக்கிட் செலம்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், செம்பனை வரிசை முடியும் இடத்தில், மஞ்சள் பூசிய கல்லின் முன் புஷ்பவள்ளி எண்ணெய்க் கையோடு நிற்கிறாள். உச்சி வெயிலில் அகல் எரிவதே தெரியவில்லை. தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் ஆளான ஷஃபிக், டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறான். மதம் என்ற கட்டத்தில் இந்து என்று போட்டாயிற்று. தெய்வத்தின் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. “பேரு இருந்தாத்தான்க்கா கோயில்னு எடுத்துக்கும். இல்லன்னா வெறும் கல்லுன்னு பதிவாயிரும். நாளைக்கு இடிக்கிற மெஷின் வருது லா” என்கிறான். “அவருன்னுதான் தம்பி சொல்லுவோம். பேரு சொல்லி யாருமே கூப்பிட்டதில்ல.” புருஷன் பெயரைக் கேட்டுவிட்டதுபோல் அவள் முகம் தாழ்கிறது. “பட்டியல்ல ஏதாச்சும் ஒண்ணத் தொடுங்கக்கா, போதும்.” அவனுக்கும் மனசு கேட்கவில்லை, குரல் கெஞ்சுகிறது. மாரியம்மன், முருகன், முனீஸ்வரன் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவள் விரல் இறங்கி, கண்ணாடியைத் தொடாமலே நின்றுவிடுகிறது. செம்பனைக் காட்டுக்கு அப்பால் ஏதோ இயந்திரம் உறுமி அடங்குகிறது. திரை அணைகிறது. ஷஃபிக் தட்டி எழுப்புகிறான். மறுபடியும் அதே பெயர்கள். அவள் கல்லின் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்காத குரலில் கேட்கிறாள்: “உங்கள நான் என்னன்னுங்க சொல்லட்டும்?”