நான்கு மாடி நூலகம்

பல்கலைக்கழக வளாகத்தின் வடக்கு மூலையில் ஓர் அடிக்கல் நின்றது. அதன் நெற்றியில் ‘நான்கு மாடி நூலகம்’ என்று பொறித்த தங்க எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. பதினோரு வருஷமாக அது தன்னை நூலகமென்றே நினைத்துக்கொண்டிருந்தது. மேலே மாடி எழும்பாதது வெறும் தாமதம்தான்.

தினமும் ஒரு வெள்ளாடு வந்து அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

“நூலகத்துல அமைதி காக்கணும், வெளிய போ!” என்று கல் அதட்டும்.

“வாசல் எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டுவிட்டு ஆடு இன்னும் அழுத்தி உரசும்.

ஒருநாள் இன்ஜினியர்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். கல்லுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பார்த்தியா? என் மாடி வருது! இனிமே உறுப்பினர் அட்டை இல்லாம உள்ள விடமாட்டேன்.”

மறுநாள் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வாசித்து, அமைச்சர் திரையை விலக்கினார். பழைய கல்லுக்குப் பக்கத்திலேயே பளபளவென்று ஒரு புதுக் கல். அதில் ‘அடிக்கல் நாட்டு விழா அரங்கம்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு அடிக்கல் விழாவுக்கும் பந்தல் போட்டு அரசுக்கு அலுத்துவிட்டதாம்.

கூட்டம் கலைந்ததும் புதுக் கல் ஆவலாகக் கேட்டது: “அண்ணே, எப்ப கட்ட ஆரம்பிப்பாங்க?”

பழைய கல் ஆட்டைப் பார்த்தது.

அதற்குள் ஆடு புதுக் கல்லில் ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

“இது வழுக்குது சார். சொறியப் பதமாக இன்னும் பத்து வருஷம் ஆகும்.”