கேட் திறந்திருந்தால் போதும்

தடதடவென்று வகுப்பிலிருந்த மேஜைகள் எல்லாம் அதிர்ந்தன.

"சான்று இல்ல டீச்சர், சான்று இல்ல" என்று கத்தினான் ரேடியோ. வாயை மூடத் தெரியாததால் அவனுக்கு வந்த பெயர் அது.

ஏழாம் வகுப்பில் இது டீச்சர் போட்ட சட்டம். எழுதிய கட்டுரையை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். கருத்து, காரணம், சான்று, எதிர்வாதம், அதற்குப் பதில். இதில் எது விட்டுப்போனாலும் மற்றவர்கள் மேஜையைத் தட்டலாம்.

நின்றுகொண்டிருந்தவள் பூனை. வருவதும் போவதும் யாருக்கும் கேட்காது.

"இன்னொரு தடவை படிம்மா."

"ஞாயித்துக்கிழமையும் ஸ்கூலைத் திறந்து வைக்கணும். இது கருத்து. வீட்டுல பேச ஆள் இல்லாதவங்களுக்குப் போக ஒரு இடம் வேணும். இது காரணம்."

"இருக்கிற ஒரு நாளையும் பிடுங்கிடாத தாயே." ரேடியோ கையெடுத்துக் கும்பிட்டான். வகுப்பு சிரித்தது.

"பாத்தியா, எதிர்வாதம் தானா வந்துடுச்சு" என்றார் டீச்சர். "உன் பதில்?"

"அவன் வர வேணாம். வேணுங்கிறவங்க வரட்டும். பாடம்கூட நடத்த வேணாம். கேட் திறந்திருந்தா போதும்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா சான்று? ஊர்ல சொல்றது, நீயா நினைச்சது எதுவும் செல்லாது. கண்ணால பாத்தது வேணும்."

"பாத்திருக்கேன் டீச்சர். சொல்ல மாட்டேன்."

"சான்று இல்லாம இதை ஹெட்மாஸ்டர்கிட்ட அனுப்பினா சிரிச்சுட்டுத் தள்ளி வச்சிடுவார். உனக்குக் கேட் திறக்கணுமா, வேணாமா?"

"திறக்கணும். ஆனா இவங்க முன்னாடி சொல்ல மாட்டேன்."

மணி அடித்தது. வெள்ளிக்கிழமையின் கடைசி மணி. விட்டால் போதும் என்று வகுப்பே வாசலுக்குப் பாய்ந்தது. பூனை மட்டும் நின்றாள்.

டீச்சருக்கு அவசரம் இல்லை. போர்டை மூலைக்கு மூலை துடைத்தார். திங்கட்கிழமைத் தேதியை இப்போதே எழுதி வைத்தார். பிறகு அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீட்டுல உனக்குத் துணைக்கு யாரும் இல்லையாம்மா?"

"எங்க வீட்டுலயா? பாத்ரூமுக்கே வரிசையில நிக்கணும் டீச்சர். சித்தப்பா குறட்டை ஒரு பக்கம், தம்பிங்க சண்டை ஒரு பக்கம்."

"அப்போ பேச ஆள் இல்லாம யாரைப் பாத்தே?"

பூனை பையின் வாரை முறுக்கினாள். போர்டில் இருந்த தேதியை ஒருமுறை பார்த்தாள்.

"எங்க மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா ஸ்கூல் கேட் தெரியும். ஞாயித்துக்கிழமையானா, அந்தப் பூட்டின கேட்டுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்புல, எந்த பஸ்லயும் ஏறாம மதியம் வரைக்கும் உட்காந்திருக்கிறது நீங்கதானே டீச்சர்?"